பிரேக் பிடித்த கால்

குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் நிறுத்தி, "அதெப்படி?" என்று என்னைக் குடையக் கூடாது.

குருவின் பெயர் சொர்ணாம்பிகை. சேலம் கோரிமேட்டில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். கார் ஓட்டக் கற்றுத்தருகிறவரை எங்கள் ஊரில் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஆணா பெண்ணா என்றெல்லாம் பார்ப்பதில்லை. ஆகவே சொர்ணம் மாஸ்டர்.

சீடர் பெயர் குழந்தைவேலு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், மீசை நரைத்த ஆள். 'நாற்சக்கரம்' என்கிற மாதப் பத்திரிகையில் புதுக் கார்களை ஓட்டிப் பார்த்து நல்லது கெட்டது எழுதுகிறவர். அவர் மாஸ்டரை "மாஸ்டர்" என்பார். மாஸ்டர் அவரை "அண்ணா" என்பார். இந்த மரியாதை கடைசிவரை மாறவில்லை.

அந்தப் பத்திரிகைக்கு அவர் பிழை திருத்தத்தான் போனார். கார்ப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட, ஆசிரியர் இவரைப் பிடித்துப் பக்கத்தை இவர் தலையில் கட்டினார். இவருக்கோ சைக்கிளுக்கு மேல் ஒன்றும் தெரியாது. நரைக்க ஆரம்பித்த வயதில் எல் போர்டு கட்டிய வண்டியில் வந்து உட்கார்ந்தார்.

மற்றவர்கள் லைசென்ஸ் வாங்கிய மறுநாளே மாஸ்டரை மறந்துவிடுவார்கள். இவர் லைசென்ஸ் வாங்கிய பிறகும் வந்தார். கிளட்ச் ஏன் அதிருது, ஸ்டியரிங் ஏன் இழுக்குது என்று நச்சரித்தார். ஒருநாள் மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்:

"அண்ணா, என்கிட்டக் கேக்காதீங்க. கண்ணு ரோட்டைப் பாக்கட்டும், காது ஹாரனைக் கேக்கட்டும். வண்டி என்ன சொல்லுதுன்னு காலால கேளுங்க."

அன்றிலிருந்து அவர் காலால் கேட்டார். கேட்டதை எழுதினார். அவ்வளவுதான் அவருடைய வித்தை.

அந்தக் கார்ப் பக்கம்தான் அவருக்கு எல்லாமும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் ரசம் வருவதற்குள் பக்கத்து இலைக்காரர், "சார், பழைய வண்டிய குடுத்துட்டு புதுசு எடுக்கலாம்னு இருக்கேன், எது எடுக்கலாம்?" என்று ஆரம்பிப்பார். இவருக்குச் சாப்பாடு மறந்துவிடும். அந்த மரியாதையை வைத்துத்தான் அவர் நிமிர்ந்து நடந்தார்.

அதற்கு வந்தது ஆபத்து.

'சாரங்கா' என்று ஒரு புதுக் கார் வந்தது. கம்பெனி ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது. குழந்தைவேலு அதை ஏற்காடு மலைக்கு ஏற்றி இறக்கினார். எழுதினார். தாராளமான இடம், நல்ல மைலேஜ், பார்க்க லட்சணம் என்று எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் இப்படி எழுதினார்:

"மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் பெடல் காலை ஏமாற்றிவிட்டுக் கீழே போகிறது. ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப. பிள்ளைகுட்டிகளோடு இந்த வண்டியில் மலைக்குப் போகாதீர்கள்."

கம்பெனி, "அந்த ஒரு வண்டியில் மட்டும் ஏதோ கோளாறு" என்றது. "சரி, வேறொரு வண்டி கொடுங்கள், மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன்" என்றார் இவர். கொடுக்கவில்லை.

கம்பெனிகூடப் பரவாயில்லை. வண்டி வாங்கினவர்கள் இருக்கிறார்களே! அப்பப்பா. காசு கொடுத்து வாங்கிய பொருளைக் குறை சொன்னால் பெற்ற பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி கொதிக்கிறார்கள்.

ஆத்தூர்க்காரர் எழுதினார்: "தங்கமான வண்டி. எங்கம்மா இடுப்பு வலியே போயிடுச்சு. இவனுக்கு என்ன தெரியும்?"

ராசிபுரத்துக்காரர்: "பிரேக் பிரமாதம். ஏசிதான் படுமோசம். அதை ஏன்யா எழுதல? கம்பெனிகிட்ட வாங்கிட்டியா?"

மேட்டூர்க்காரர்: "ஏசி போட்டா குளிர் ஜுரம் வருது, அவ்ளோ சூப்பர். பின் சீட்டுதான் பலகை மாதிரி. பிரேக்ல ஒரு குறையும் இல்ல."

ஓமலூர்க்காரர்: "பின் சீட்டு மெத்தை மாதிரி. ரெண்டாவது கியர்ல மலை இறங்கத் தெரியாதவனெல்லாம் ரிவ்யூ எழுத வந்துட்டான்."

ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஆளுக்கொரு வண்டி. படித்தால் தலை சுற்றும். இவர்களுக்குள் ஒரே ஒரு ஒற்றுமை, குழந்தைவேலு சொன்னது தப்பு என்பதில் மட்டும்தான். அந்த ஒற்றுமையை வைத்து ஒரு சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். சாரங்கா உரிமையாளர் சங்கம்.

சங்கம் பத்திரிகை ஆபீசுக்குப் போய் உட்கார்ந்தது. ஆசிரியர் மதியழகன் போன் செய்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷ வேலை. அவங்க போன்ல வீடியோ எடுப்பாங்க. 'தப்பு பிரேக்ல இல்ல, என் கால்லதான்'னு சொல்லிடுங்க. முடிஞ்சுது."

"தப்பு என் கால்ல இல்லையேப்பா."

"இருக்குன்னு சொல்லுங்கண்ணே. சொல்லலைன்னா அடுத்த மாசத்துல இருந்து உங்க பக்கம் கிடையாது. என்னால முடியல. ஞாயித்துக்கிழமை காலைல நீங்க எங்க இருக்கீங்களோ அங்க வந்துருவாங்க."

குழந்தைவேலுவுக்குத் தூக்கம் போயிற்று. கட்டில் காலை பெடல் மாதிரி மிதித்து மிதித்துப் பார்த்தார். இத்தனை பேர் சொல்கிறார்களே, நாம்தான் ஏதாவது தப்பாக மிதித்திருப்போமோ என்று ஒரு பயம் உள்ளே புகுந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆசிரியரிடம் இடத்தைச் சொல்லிவிட்டுக் கோரிமேட்டுக்குப் போனார்.

மாஸ்டர் ஸ்கூல் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு கிளாஸ் இல்லை.

"மாஸ்டர், ஒரு கேள்வி."

"கேளுங்கண்ணா."

"ஊரே ஒண்ணு சொல்லுது. நான் ஒருத்தன் மட்டும் வேற சொல்றேன். யார் சொல்றது சரி?"

"ஊரே ஒண்ணையா சொல்லுது?"

"இல்ல. ஒருத்தர் ஏசி நல்லாருக்குங்கறார், ஒருத்தர் நல்லால்லங்கறார். சீட்டுக்கும் அப்படித்தான். பிரேக்குக்கு மட்டும் ஒத்துமையா இருக்காங்க."

"நீங்க எந்த கியர்ல எறங்குனீங்க?"

"ரெண்டாவதுல."

"அப்பவும் பெடல் கீழ போச்சா?"

"போச்சு."

"இப்ப உங்க கால் என்ன சொல்லுது?"

குழந்தைவேலு தலையைக் குனிந்துகொண்டார். "அதான் மாஸ்டர், இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

துடைத்துக்கொண்டிருந்த துணியை மாஸ்டர் பானெட் மேல் விட்டெறிந்தார். அவருக்குக் கோபம் வந்தால் பேச மாட்டார், எதையாவது விட்டெறிவார்.

அந்த நேரம் பார்த்து ஒரு சாரங்கா வந்து நின்றது. கண்ணாடிக்கு மேல் சந்தனம், முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும். வாங்கி எத்தனையோ மாதம் ஆகியும் சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் இறங்கும்போது சரசரவென்று சத்தம் கேட்டது.

இறங்கியவர்கள் இரண்டு பேர். சங்கத் தலைவர் சித்தேஸ்வரன், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். செயலாளர் மெகருன்னிசா, மெடிக்கல் ஷாப் நடத்துகிறவர். அவரிடமும் ஒரு சாரங்கா இருக்கிறது.

"நீங்கதானே ரிவ்யூக்காரரு?" சித்தேஸ்வரன் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தார். "சட்டுனு சொல்லி முடிச்சிருங்க. எங்களுக்கும் வேலை கெடக்கு."

"சொல்லலாங்ணா, என்ன அவசரம்?" என்றார் மாஸ்டர். "ஒரு ரவுண்டு போயிட்டு வந்துருவோம். என் வண்டில. ஏற்காடு போயி டீ குடிச்சிட்டு எறங்குனா மத்தியானத்துக்குள்ள வந்துரலாம். அடிவாரத்துல வச்சு வீடியோ எடுத்துக்கங்க."

"மலைக்கா? மலைக்கு எதுக்கு?"

"ஏன், பயமா?"

"எனக்கென்னம்மா பயம்!" என்று சித்தேஸ்வரன் நெஞ்சை நிமிர்த்தினார். மெகருன்னிசா அதற்குள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமையில் ஓசியில் ஏற்காடு, யாருக்குத்தான் கசக்கும்?

குழந்தைவேலு ஓட்டினார். மாஸ்டர் பக்கத்தில். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் பெடல் உண்டு. ஒரு கம்பி அதை டிரைவர் பெடலோடு இணைத்திருக்கும். கற்றுக்கொள்கிறவர் பயந்து உறைந்துபோனால் மாஸ்டர் இங்கிருந்தே அமுக்கி வண்டியை நிறுத்திவிடுவார். கற்றுக்கொள்கிறவர் தான்தான் நிறுத்தினோம் என்று நினைத்து வீட்டில் போய்ப் பெருமை அடித்துக்கொள்வார்.

மேலே ஏறும்வரை பின்னால் ஒரே சண்டை.

"நம்ம சாரங்கா பின் சீட்டுல முதுகு நிக்கல தலைவரே, அதை நீங்க ஒத்துக்கணும்."

"முதுகு நிக்காதது உன் பிரச்சனைம்மா. என் வண்டில என் மச்சான் ராமேஸ்வரம் வரைக்கும் தூங்கிக்கிட்டே போனான்."

"உங்க மச்சான் நின்னுக்கிட்டே தூங்குவாரு. ஏசியாவது சரியில்லன்னு ஒத்துக்கங்க."

"ஏசிய எதுக்குப் போடுற? போட்டா மைலேஜ் போயிடும்."

"போடவே இல்லன்னா அது நல்லா இருக்குன்னு எப்படி எழுதுனீங்க?"

"கெட்டுப்போகலைல்ல? அப்ப நல்லாருக்குன்னுதானே அர்த்தம்?"

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். குழந்தைவேலுவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடிவாரத்தில் சொல்ல வேண்டிய வாக்கியத்தை நினைத்து நினைத்து அவருக்கு வாய் கசந்துபோயிருந்தது.

மேலே போய் டீ குடித்தார்கள். இறங்க ஆரம்பித்தார்கள்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் கீழிருந்து ஏறிய பஸ் ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு வந்தது. குழந்தைவேலு பிரேக்கை மிதித்தார். வண்டி பஸ்ஸுக்கு வழி விட்டுச் சுவரை ஒட்டி நின்றது.

"நல்லவேளை, நான் பிடிச்சேன்" என்றார் மாஸ்டர்.

"என்ன மாஸ்டர்?"

"பிரேக்கு. நான் என் பக்கம் அமுக்கலைன்னா பஸ்ஸுக்குள்ள போயிருப்போம்."

"அட, ஆமாம்!" என்றார் பின்னாலிருந்து சித்தேஸ்வரன். "நான் பாத்தேனே. மாஸ்டர் கால் அமுக்குனத நல்லா பாத்தேன்."

"நானும் பாத்தேன்" என்றார் மெகருன்னிசா.

குழந்தைவேலு தன் காலைப் பார்த்தார். மிதித்தது ஞாபகம் இருந்தது. ஆனால் மாஸ்டர் சொல்கிறார். இரண்டு பேர் பார்த்தேன் என்கிறார்கள்.

"சரி மாஸ்டர். நீங்கதான் பிடிச்சிருப்பீங்க."

மாஸ்டர் முகம் மட்டும் இறுகிப்போயிற்று.

அடுத்த வளைவில் பைக்கில் வந்த ஒருவன் குறுக்கே புகுந்து ஒடித்தான். குழந்தைவேலு மிதித்தார். வண்டி வேகம் குறைந்து வளைந்தது.

"இதுவும் நான்தான்" என்றார் மாஸ்டர்.

"இல்ல மாஸ்டர்... இது நான்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா?"

பின் சீட்டில் சிரிப்பு வெடித்தது. "தான் பிடிச்சோமா இல்லையான்னே தெரியல. இவரு எங்க வண்டிக்கு ரிவ்யூ எழுதுறாராம்!" என்றார் சித்தேஸ்வரன். "இதையும் வீடியோல சேத்துச் சொல்லிருங்க சார்."

குழந்தைவேலுவுக்குக் காது மடல் சூடானது. அவமானம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கால் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் கேட்காமல் விட்டாலும் அது நிறுத்தவில்லை.

கொஞ்ச தூரத்தில் ரோட்டோரத்துச் சுவரிலிருந்து ஒரு குரங்குக் கூட்டம் தொப்பென்று குதித்தது. தாய்க்குரங்கு ஒன்று குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு நடு ரோட்டில் உட்கார்ந்தேவிட்டது. குழந்தைவேலு மிதித்தார். வண்டி நின்றது. குரங்கு இவர்களை ஒரு முறை முறைத்துவிட்டு எழுந்து போனது.

"பாத்தீங்களாண்ணா, நான் மட்டும் பிடிக்கலைன்னா..."

"இல்ல."

குழந்தைவேலு வண்டியை ஓரம் கட்டினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தார். பிறகு மாஸ்டர் பக்கம் முழுசாகத் திரும்பினார். இத்தனை வருஷத்தில் அவர் மாஸ்டரை அப்படிப் பார்த்ததில்லை.

"இல்ல மாஸ்டர். பிடிச்சது நான்."

"நான் சொல்றேன்ல?"

"நீங்க சொன்னாலும்தான். உங்க பெடல அமுக்குனா என் பெடல் தானா கீழ எறங்கும். என் காலை விட்டுட்டு ஓடும். நான் எல் போர்டுல இருந்தப்ப அது ஓடி ஓடி எனக்குத் தெரியும். இப்ப ஓடல. என் கால் தள்ளித்தான் போச்சு. மொதல்ல லேசா, அப்புறம் கெட்டியா. பைக் வந்தப்பவும் நான்தான். பஸ் வந்தப்பவும் நான்தான். அப்ப சரின்னு தலையாட்டுனது என் முட்டாள்தனம்."

"பின்னாடி ரெண்டு பேர் பாத்தேங்கறாங்களே?"

"பாக்கட்டும்! சங்கமே வந்து பாக்கட்டும். இந்த மலைல இருக்கற குரங்கெல்லாம் வந்து சாட்சி சொல்லட்டும். நீங்க எனக்குச் சொல்லிக்குடுத்தவங்க, உங்களைக் கும்பிடுறேன். ஆனா பிடிச்சது என் கால் மாஸ்டர். இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன்."

குரல் உடைந்துவிட்டது அவருக்கு. ஆனாலும் பார்வையை விலக்கவில்லை.

மாஸ்டர் பின்னால் திரும்பினார்.

"அம்மா, கொஞ்சம் எறங்கி இந்தப் பக்கம் வாங்க. என் பெடல கையால அமுக்கிப் பாருங்க."

மெகருன்னிசா இறங்கி வந்து, குனிந்து அமுக்கினார். பெடல் லொடலொடவென்று ஆடியது. எதிலும் ஒட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"கம்பி நேத்தே உடைஞ்சிருச்சு" என்றார் மாஸ்டர். "இன்னும் மாத்தல. அதனாலதான் கிளாஸ் இல்ல."

சித்தேஸ்வரன் ஜன்னல் வழியாகக் குரங்குகளைத் தீவிரமாக ஆராய்ச்சி செய்தார்.

"பொய் சொன்னீங்களா மாஸ்டர்?" என்று கேட்டார் குழந்தைவேலு.

"ஆமாங்ணா. ரெண்டு தடவை அதை நம்புனீங்களே, அதுக்கு யாரைத் திட்டுறது?"

குழந்தைவேலு வண்டியைக் கிளப்பினார்.

சித்தேஸ்வரன் லேசில் விடுகிற ஆளா? நாலு வளைவு தாண்டியதும் தொண்டையைச் செருமினார். "எல்லாம் சரிங்க. இது உங்க ஸ்கூல் வண்டி. எங்க வண்டிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்லீங்க" என்றார் குழந்தைவேலு. "உங்க வண்டில மலை எறங்கிருக்கீங்களா?"

"நான் எதுக்கு எறங்கணும்? பட்டறை செவ்வாய்ப்பேட்டைல, மாமனார் வீடு சங்ககிரில. போற வழில ஒரு பாலம் ஏறி எறங்கணும், அவ்வளவுதான்."

"அப்ப உங்களுக்கு அது நல்ல வண்டி. நீங்க சொல்றது நெசம். அதையும் எழுதுறேன், 'தட்டையான ரோட்டுல ஓட்டுறவங்க பிரேக் நல்லாருக்குன்னு சொல்றாங்க'ன்னு. ஆனா அதுக்காக என்னோடதை அழிக்க மாட்டேன்."

"அழிச்சுத்தான் ஆகணும் சார். இல்லன்னா எங்க வண்டிய ஒருத்தன் மதிக்க மாட்டான். சொந்தக்காரங்க முன்னாடி எங்களுக்கு என்ன மரியாதை?"

அதைச் சொல்லும்போது அவர் குரலிலும் ஒரு வலி இருந்தது, பாவம். வாங்கும்போது குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்ப் பூஜை போட்ட வண்டி. குழந்தைவேலுவுக்கு அது புரிந்தது. புரிந்தும் அவர் ஒன்றும் மாற்றிச் சொல்லவில்லை.

அடிவாரத்தில் டீக்கடை முன்னால் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். சித்தேஸ்வரன் போனை நீட்டினார்.

"சரி, பேச்சுல உங்களை ஜெயிக்க முடியாது. ஆசிரியரே சொல்லச் சொன்ன விஷயம் இது. சொல்லுங்க. 'தப்பு பிரேக்ல இல்ல, என் கால்லதான்.' ஒரு வரி."

குழந்தைவேலு சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். ஒரு தடவை மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் டீக்கடைக்காரரிடம் பஜ்ஜி சூடாக இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"வணக்கம். நான் குழந்தைவேலு. சாரங்கா வண்டிய ஏற்காடு மலைல எறக்குனப்ப, பிரேக் பெடல் என் கால் அடியில கீழ போச்சு. ரெண்டாவது கியர்லதான் எறங்குனேன். அப்பவும் போச்சு. போச்சுன்னா போச்சுதான். கம்பெனி வேற வண்டி குடுத்தா மறுபடி எறக்கிப் பாக்குறேன். அதுல சரியா இருந்தா சரியா இருக்குன்னு எழுதுவேன். அதுவரைக்கும் நான் எழுதுனதுல ஒரு எழுத்துகூட மாறாது. தப்பு என் கால்ல இல்ல."

"என்னய்யா பேசுறீரு!" என்று கத்திக்கொண்டே சித்தேஸ்வரன் வீடியோவை நிறுத்தினார். நின்ற இடத்திலேயே அதை ஆசிரியருக்கு அனுப்பினார். அடுத்த நிமிஷம் குழந்தைவேலுவின் போன் அடித்தது. ஆசிரியர் போட்ட கத்தலுக்கு ஸ்பீக்கரே தேவைப்படவில்லை.

"என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க? பக்கம் வேணுமா, வேணாமா? கடைசியாக் கேக்குறேன்."

"வேணும்ப்பா. நான் ஓட்டிப் பாத்ததை எழுத விடுற பக்கமா வேணும்."

"அப்படி ஒரு பக்கம் நம்ம பத்திரிகைல இல்லண்ணே. நாளைல இருந்து வராதீங்க."

போன் அணைந்துவிட்டது.

குழந்தைவேலுவின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது, மறைக்கவும் இல்லை. இனிமேல் பந்தியில் உட்கார்ந்தால் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து வரலாம். டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மாஸ்டர் பஜ்ஜித் தட்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தார். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியாது.

சித்தேஸ்வரன் சந்தோஷமாக ஒரு டீ சொன்னார். "முடிஞ்சுதும்மா. சங்கத்துக்கு ஜெயம்" என்று மெகருன்னிசாவிடம் சொன்னார்.

மெகருன்னிசா துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து குழந்தைவேலு முன்னால் நின்றார்.

"சார்."

"சொல்லுங்கம்மா."

"ஸ்கூல் லீவு விட்டதும் பசங்களைக் கூட்டிக்கிட்டு கொல்லிமலை போறதா இருக்கோம். எங்க அத்தா, அம்மா எல்லாரும் வர்றாங்க. எங்க வண்டில." குரல் இறங்கிப்போயிற்று. "போலாமா சார்?"

"உங்க வண்டில வேணாம்மா" என்றார் குழந்தைவேலு. "பஸ்ல போங்க."

"சரிங்க சார்."

சித்தேஸ்வரன் டீ கிளாஸைப் பெஞ்சின் மேல் டக்கென்று வைத்தார்.

"ஏம்மா, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? பத்திரிகைல அவரு பக்கமே போயிடுச்சு. இன்னும் அவரு பேச்ச எதுக்குக் கேக்குற?"

மாஸ்டர்தான் கை எண்ணெயைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பக்கம் போனதாலதாங்ணா கேக்குறாங்க."